எண்ணெய் எடுக்கும் ஊரில் காற்றாலை: எங்கே தவறுகிறோம்?

மேற்கு டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் பக்கம் போனால், எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருக்கும் அதே வட்டாரத்தில் பருத்திக் காடுகளுக்கு மேலே காற்றாலைகள் சுழலும். 2009-இல் கட்டி முடித்த ராஸ்கோ காற்றாலைப் பண்ணை இங்கேதான் இருக்கிறது: 627 டர்பைன்கள், 781.5 மெகாவாட். இரண்டு தொழிலும் இப்படி அடுத்தடுத்து நடப்பதற்குப் பின்னால் நிறையக் காகித வேலை உண்டு. அதில் அவசரப்படும்போதுதான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்டதுமே நிலம் கிடைத்துவிட்டது என்று நம்புவது. டெக்சாஸில் மண்ணுக்கு மேலே ஒருவருக்கும், கீழே இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். தாத்தா காலத்தில் நிலத்தை விற்றவர் கனிம உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பார். இன்று அது எங்கெங்கோ இருக்கும் பேரப்பிள்ளைகளிடம் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். சட்டம் அந்தக் கனிம உரிமைக்குத்தான் முன்னுரிமை தருகிறது. எண்ணெய் எடுக்கத் தேவையான அளவுக்கு அவர்கள் மேல்நிலத்தில் பாதை போடலாம், கிணறு துளையிடும் ரிக் நிறுத்தலாம்.

மேல்நிலத்துக்காரருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1971-இல் கெட்டி ஆயில் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கொடுத்தது அது. ஒரு விவசாயியின் வயலில் தானாக நகர்ந்து நீர் தெளிக்கும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் நிறுவனம் வைத்த உயரமான பம்புகள் அதன் வழியை மறித்தன. ஏற்கெனவே நடந்துவரும் பயன்பாடு கெடுகிறது, தொழிலில் நியாயமான மாற்று வழியும் இருக்கிறது என்றால், நிறுவனம் அதற்கு இடம்விட வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த ‘ஏற்கெனவே’தான் முக்கியம். வரைபடத்தில் மட்டும் இருக்கும் டர்பைனுக்காக இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கடினம். அதனால் கோபுரம் எழும்புவதற்கு முன்பே கனிம உரிமைக்காரர்களோடும், குத்தகை வைத்திருக்கும் எண்ணெய் நிறுவனத்தோடும் பேசி எழுதி வாங்குங்கள்: இனி கிணறு தோண்ட எந்த இடங்கள், எந்தப் பாதை, கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம். ஆகட்டும், செய்துவிடுங்கள்.

அடுத்த தவறு, பழைய கிணறுகளைத் தேடாமல் அஸ்திவாரம் தோண்டுவது. டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிப்பது ரயில்ரோடு கமிஷன். பெயரைப் பார்த்து ரயில்வே அமைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அதன் வரைபடம் நல்ல தொடக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பல பத்தாண்டுகளுக்கு முன் தோண்டிக் கைவிட்ட கிணறுகள் வரைபடத்தில் இடம் மாறியிருக்கலாம், இல்லாமலேயும் போயிருக்கலாம். நிலத்தை நடந்து பாருங்கள், புதைந்த இரும்புக் குழாயைக் காந்தமானியால் தேடுங்கள், அந்த ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். மேற்கு டெக்சாஸில் விங்க் என்ற ஊருக்கு அருகே 1980-இலும் 2002-இலும் நிலம் உள்வாங்கிப் பெரிய குழிகள் உண்டாயின. அடியில் இருந்த உப்புப் படிவம் கரைந்ததே காரணம்; முதல் குழி விழுந்தது கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறு இருந்த இடத்தில். டர்பைனைத் தூக்கும் ராட்சதக் கிரேன் ஊர்ந்து போகும் வழியிலும் இதே கவனம் வேண்டும். மேலாகப் புதைந்திருக்கும் பழைய எண்ணெய்க் குழாய் அந்த எடையைத் தாங்காது.

அப்புறம் மின்தடம். எண்ணெய் வயலுக்கு வரும் லைன் பக்கத்தில் ஓடுகிறது, அதிலேயே இணைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 2000-களில் மேற்கே காற்று இருந்தும், கிழக்கே இருக்கும் நகரங்களுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகப் போதிய லைன் இல்லாமல் டர்பைன்களை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய ஏறக்குறைய 700 கோடி டாலரில் 3,600 மைல் மின்தடம் போட்டார்கள்.

கடைசியாக, நிலம் கொடுக்கும் விவசாயிகளுக்கு. கழற்றும் நாளைப் பற்றி இப்போதே பேசுங்கள். 2019-இல் வந்த டெக்சாஸ் சட்டப்படி, அஸ்திவாரத்தை மேல்மண்ணிலிருந்து 3 அடி ஆழம் வரையாவது அகற்ற வேண்டும். அதற்குக் கீழே உள்ள கான்கிரீட் உங்கள் நிலத்திலேயே கிடக்கும். செலவுக்கான பிணைத்தொகையைக் கட்ட உற்பத்தி தொடங்கிப் பத்தாம் ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. இதைவிட ஆழமாகவும் முன்னதாகவும் வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும். ஸ்வீட்வாட்டரில் கழற்றிய இறக்கைகள் ஆயிரக்கணக்கில், ஆண்டுக்கணக்காகக் குவிந்து கிடந்தன. இறக்கையை யார் எடுப்பது, எங்கே கொண்டுபோவது, எத்தனை மாதத்துக்குள் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.