ஐம்பது நிறுத்தம், மூன்று நிமிடம்: சாலையோரப் பறவைக் கணக்கெடுப்பில் சேருவது எப்படி?

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டு முற்றத்தில் 15 நிமிடம் நின்று எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றியிருப்பீர்கள். யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் எண்ணலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜூன் மாதம் சாலையோரமாக நடக்கும் 'பிரீடிங் பேர்ட் சர்வே' (இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பு) அப்படியல்ல. எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எத்தனை நிமிடம் எண்ணுவது என எல்லாமே முன்கூட்டியே முடிவானது. நமக்கு மிச்சமிருப்பது காது மட்டும்தான்.

டிடிடி பூச்சிமருந்து பறவைகளைக் கொல்கிறது என்று எல்லோரும் கவலைப்பட்ட காலம் அது. ஆனால் கண்டம் முழுக்க எந்தப் பறவை எவ்வளவு குறைந்தது என்று சொல்லக் கணக்கு எதுவும் இல்லை. மேரிலாந்தின் பட்டுக்சென்ட் ஆய்வு மையத்தில் இருந்த பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் 1966-ல் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். இன்று 4,000-க்கும் மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன.

1. பாதையைக் கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொரு பாதையும் 24.5 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர். அரை மைலுக்கு ஒரு நிறுத்தம், மொத்தம் 50. கணக்கெடுப்பின் இணையதள வரைபடத்தில் ஆளில்லாத பாதைகள் தெரியும். உங்கள் மாநில ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். ஒரு வருடம் செய்துவிட்டு விட்டுவிடுவதாக இருந்தால் வேண்டாம். ஒரே ஆள் ஒரே பாதையைப் பல வருடம் எண்ணினால்தான் ஒப்பிட முடியும். புது ஆட்கள் செய்முறை பற்றிய இணையவழிப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

2. காதைத் தயார் செய்யுங்கள்

ஜூனில் மரமெல்லாம் இலை. பத்துப் பறவைக்கு எட்டு குரலாகத்தான் வரும். குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், தினம் இரண்டு குரல் போதும். ரெட்-ஐட் விரியோ 'எங்கே இருக்கே? இங்கே இருக்கேன்' என்று நாள் முழுக்கக் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொண்டே இருக்கும். ஓவன்பேர்ட் 'டீச்சர், டீச்சர், டீச்சர்' என்று போகப்போக உரக்கக் கூப்பிடும். டவ்ஹீ 'ட்ரிங்க் யுவர் டீ' என்று உபசரிக்கும். எனக்கு முதலில் மனப்பாடமானது அதுதான்!

கற்றுக்கொள்ள, குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி அருமையான வாத்தியார். ஆனால் கணக்குத் தாளில் ஏற வேண்டியது உங்கள் காது அறிந்தது மட்டும். அப்புறம், நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சீடர் வேக்ஸ்விங் போன்றவற்றின் மெல்லிய கீச்சுக்குரல் நமக்குக் கேட்காமல் போவதே நமக்குத் தெரியாது.

3. பகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

மே மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அடையாளம் எழுதிக்கொள்ளுங்கள்: சிவப்புக் களஞ்சியம், வளைவுக்கு முந்திய பாலம், தபால் பெட்டி. காரைச் சாலையை விட்டு முழுசாக ஒதுக்கி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. அந்த நாள்

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே முதல் நிறுத்தத்தில் எண்ணத் தொடங்க வேண்டும். பென்சில்வேனியாவில் ஜூனில் அது ஐந்து மணி வாக்கில். அதனால் நான் மூன்று மணிக்கே எழுந்துவிடுவேன். பலத்த காற்றோ விடாத மழையோ இருந்தால் வேறு நாள். முதல்நாளே பெட்ரோல், பென்சில் இரண்டு, ஸ்டாப்வாட்ச், ஒளிரும் மேலங்கி, ஃபிளாஸ்க்கில் காபி. வெப்பநிலை, காற்று, வானம் இவற்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறிக்க வேண்டும். ஐம்பது நிறுத்தமும் முடிய ஐந்து மணி நேரம் ஆகும்.

5. அந்த மூன்று நிமிடம்

இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, காரிலிருந்து ஓரிரண்டடி தள்ளி நின்று கடிகாரத்தை அமுக்குங்கள். குரல் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் கணக்கு. கண்ணால் பார்ப்பது 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நான் தாளில் ஒரு சின்ன வட்டம் போட்டு நடுவில் நான் நிற்பதாக வைத்துக்கொள்வேன். இடப்பக்கம் ராபின், பின்னால் கார்டினல், வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கார்டினல், தலைக்கு மேல் காகம். இப்படிக் குறித்தால் ஒரே பறவையை இரண்டு தரம் எண்ண மாட்டோம். விடியலில் ராபின்கள் போடும் சத்தத்துக்கு அடியில் வேறு என்ன பாடுகிறது என்று பிரித்துக் கேட்பதுதான் கஷ்டம். போகும் வண்டிகளையும் எண்ணிக் குறிக்க வேண்டும்.

மூன்று நிமிடம் பத்தாவது நொடியில் மரங்கொத்தி பறந்து வந்தால்? சேர்க்கக் கூடாது. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே சாலையில் வான்கோழி நின்றால்? அதுவும் கிடையாது. பதிவுக் குரலைப் போட்டோ, உதட்டால் 'பிஷ் பிஷ்' என்று ஓசை எழுப்பியோ பறவையைக் கூப்பிடுவதும் ஆகாது. கை அரிக்கும், தெரியும். 2019-ல், 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடி பறவைகளை இழந்துவிட்டது என்று கணக்குப் போட்டார்கள் அல்லவா? அதற்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று இந்தத் தாள்கள்தான். ஆளாளுக்கு ஒன்றிரண்டு கூடச் சேர்த்திருந்தால் அந்தக் குறைவே கண்ணுக்குப் பட்டிருக்காது.

உதவிக்கு ஒருவர் வரலாம். வண்டி ஓட்டலாம், சொல்வதை எழுதலாம். பறவையைக் காட்டித்தரக் கூடாது. முதல் வருடம் என் மனைவி, "ஏங்க, அதோ கம்பி மேல!" என்று சொல்லிவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் நின்றேன். மறு நிறுத்தம் வரை காரில் பேச்சே இல்லை.

இடையில் யாராவது வண்டியை நிறுத்தி "கார் ரிப்பேரா?" என்று கேட்பார்கள். கடிகாரம் ஓடும்போது ஒரு விரலைக் காட்டிப் பொறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் விளக்குங்கள். ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான், மூன்று நிமிடம் காத்திருப்பார்கள்.

6. வீட்டுக்கு வந்ததும்

தூங்கிவிட்டுப் பதியலாம் என்று தோன்றும். தூங்குங்கள், ஆனால் அன்றைக்கே இணையத்தில் ஏற்றிவிடுங்கள். கிறுக்கிய எழுத்து மறுநாள் நமக்கே புரியாது. முதல் வருடம் சிலதைத் தவறவிட்டோமே என்று வருந்த வேண்டாம். புது ஆட்கள் குறைவாக எண்ணுவார்கள் என்பது தெரிந்த விஷயம், ஆய்வாளர்கள் அதற்கும் இடம் கொடுத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

நிறுத்தங்களின் அடையாளம் மாறியிருந்தால் அதையும் திருத்துங்கள். என் 18-ஆவது நிறுத்தத்தில் இருந்த நீலத் தபால் பெட்டியைப் போன வருடம் எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே 'மின்கம்பம், பக்கத்தில் பாதி சாய்ந்த வேலி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.