மூன்று நாள், ஒரே வயிறு: சாப்பாட்டுக்காகவே ஒரு பெருநகரப் பயணம்

நீண்ட வார இறுதி கிடைத்தால் ஏதாவது ஒரு பெருநகரத்துக்குப் போய், கோயில் குளம், கடை கண்ணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மூன்று நாளும் சாப்பிடுவதற்காகவே சுற்ற வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் அக்காவும் சில வருடங்களாக இப்படிப் போய் வருகிறோம்.

முதல் பயணத்துக்குப் பதினான்கு உணவகங்களைப் பட்டியல் போட்டு எடுத்துப் போனேன். இரண்டாம் நாள் மாலை நான்கரை மணி இருக்கும். ஒரு ரொட்டிக் கடையைத் தாண்டும்போது வாசனை இழுத்தது. “ராத்திரிக்கு இடம் வைடா” என்றாள் அக்கா. கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்கு, ஒரு மாதம் முன்பே இடம் பிடித்து வைத்திருந்த உணவகத்தில் உட்கார்ந்தோம். மூன்றாவதாக மீன் வந்தது. தோல் மொறுமொறுவென்று, உள்ளே சதை ஈரம் குறையாமல் இதழ் இதழாகப் பிரிந்தது. முதல் வாய் அருமை. இரண்டாவது வாய் தொண்டையைத் தாண்டவில்லை. “ஏதாவது சரியில்லையா?” என்று பரிமாறியவர் மெதுவாகக் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து கடைகளை எண்ணுவதற்கு முன்னால் பசியைத்தான் எண்ணுகிறேன்.

படி 1: உங்களிடம் எத்தனை பசி இருக்கிறது?

கெட்டியான ஒரு முழுச் சாப்பாடு வயிற்றைவிட்டு இறங்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் நேரம் பிடிக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய சாப்பாடு, ஒரு அரை வயிற்றுச் சாப்பாடு, நடுவே ஒன்றிரண்டு கொறிப்பு. அதற்கு மேல் போனால் சாப்பிடுவோம், ஆனால் ருசிக்க மாட்டோம். மூன்று நாளைக்குக் கணக்குப் போட்டால் மூன்று பெரிய சாப்பாடு, மூன்று சின்னச் சாப்பாடு. பட்டியலில் இருபது பெயர் இருந்தால் பதினான்கை இப்போதே அடித்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது, திகட்டல். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வுகளில் இதைக் காட்டினார்கள். ஒரு பண்டத்தை வயிறார உண்டவர்களுக்கு அந்தப் பண்டத்தின் மேல்தான் ஆசை வெகுவாகக் குறைந்தது. வாயில் வைக்காத மற்ற பண்டங்களின் மேல் அவ்வளவாகக் குறையவில்லை. வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் கிடைப்பது இதனால்தான். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு: மதியம் கறி என்றால் இரவும் கறி வேண்டாம். மதியம் காரசாரம் என்றால் இரவு மென்மையாக இருக்கட்டும். அடுத்தடுத்த இரண்டு சாப்பாடும் ஒரே சுவையில் இருந்தால், இரண்டாவது கடை எவ்வளவு நல்ல கடையானாலும் சுமாராகத்தான் தெரியும்.

படி 2: மூன்று பெரிய சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றும் மூன்று விதமாக இருக்க வேண்டும். ஒன்று, அந்த ஊருக்கே உரிய சமையல், அதுவும் பல காலமாக அதையே செய்துவருகிற இடம். இரண்டாவது, அந்த நகரத்துக்குப் பிழைக்க வந்து தங்கிவிட்ட ஒரு மக்களின் சமையல். பெருநகரம் என்றாலே நாலா திசையிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் அடுப்பையும் கொண்டுவந்து வைத்த இடம்தானே. அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கே போய்ச் சாப்பிடுங்கள். அங்கே சாப்பிடுகிறவர்களும் அவர்களே என்பதால் சுவையை யாருக்காகவும் குறைத்துச் சமைக்க மாட்டார்கள். மூன்றாவது, வீட்டில் ஒருநாளும் செய்ய முடியாத சமையல். கைப்பக்குவத்துக்குப் பேர்போன ஒருவரின் சமையலறையாக அது இருக்கட்டும். கையில் உள்ள காசில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்கினால் தப்பில்லை.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது? ஐந்து நட்சத்திரம் போட்டவர் “சூப்பர்” என்று எழுதிவிட்டுப் போவார். ஒரு நட்சத்திரம் போட்டவர் அன்று வாகனம் நிறுத்த இடம் கிடைக்காத கோபத்தில் எழுதியிருப்பார். நான் மூன்று, நான்கு நட்சத்திரம் போட்டவர்களைத்தான் முதலில் படிப்பேன். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுதுகிறவர்கள் அவர்கள். கடைசி மூன்று மாதத்துக்குள் எழுதியதா என்று பாருங்கள், ஏனென்றால் சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும். முன்பின் தெரியாத பலர் ஒரே பண்டத்தைச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் பார்ப்பதானால் கடைக்காரர் போட்டதை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்ததைப் பாருங்கள்.

மிச்செலின் நட்சத்திரத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டயர் செய்யும் அந்த பிரெஞ்சு நிறுவனம் 1900-இல் கார் ஓட்டுகிறவர்களுக்காக வெளியிட்ட கையேடுதான் ஆரம்பம். நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது 1926-இல். ஒரு நட்சத்திரம் வாங்கிய கடை தன் வகையில் நல்ல கடை. இரண்டு என்றால் வழியை விட்டு விலகியாவது போகலாம். மூன்று என்றால் அதற்காகவே தனிப் பயணம் போகலாம். நட்சத்திரத்துக்குச் சாப்பாடுதான் கணக்கு, அலங்காரம் இல்லை. என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு 1997 முதல் அவர்கள் தரும் ‘பிப் குர்மாண்ட்’ பட்டியல்தான் பொருத்தம். நியாயமான விலையில் நல்ல சாப்பாடு போடும் இடங்களுக்கான அடையாளம் அது. மிச்செலின் கையேடு வராத ஊர்களும் நிறைய உண்டு, அங்கெல்லாம் மேலே சொன்ன வழியே போதும்.

படி 3: கிழமை, நேரம், முன்பதிவு

பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். வார இறுதியில் ஓடிக் களைத்த பல உணவகங்கள் திங்கள்கிழமை விடுமுறை விடும். நீண்ட வார இறுதியின் மூன்றாம் நாள் திங்களாக இருந்தால் பூட்டிய கதவுதான் மிஞ்சும். சில இடங்கள் ஞாயிறும் திறப்பதில்லை. அரசு விடுமுறை நாளில் நேரத்தை மாற்றுகிறவர்களும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் அடுப்பை அணைத்துவிடும் இடங்களும் பல. பத்து மணிக்கு மூடுவோம் என்று போட்டிருந்தால், கடைசி ஆர்டர் அதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். இணையத்தில் இருப்பதை நம்பிக் கிளம்பாமல் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

முன்பதிவு எத்தனை நாளைக்கு முன்னால் திறக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். பெரிய கடைக்கு அதை முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் ரயிலோ விமானமோ பதிவு செய்யுங்கள். இரவுக்கு இடம் கிடைக்காவிட்டால் மதியத்துக்குக் கேட்டுப் பாருங்கள். அதே சமையலறை, கூட்டம் குறைவு, பல இடங்களில் விலையும் குறைவு. மதியம் பெரிய சாப்பாடு சாப்பிட்டால் அதை நடந்து செரிக்க மாலை முழுக்கக் கையில் இருக்கும். அதனால் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கு மதியம்தான் பிடிக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் முந்தின நாள் ஒரு முறை கேளுங்கள், யாராவது ரத்து செய்திருப்பார்கள்.

உங்களால் போக முடியாமல் போனால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் வாங்கிய காய்கறியும் மீனும் அன்று வீணாகும். சின்னக் கடைக்கு அது பெரிய நஷ்டம்.

படி 4: வரைபடத்தில் குறிக்கவும்

கூகுள் மேப்ஸில் மூன்று பெரிய சாப்பாட்டுக்கு ஒரு பட்டியலும் மற்ற கடைகளுக்கு இன்னொரு பட்டியலும் போட்டுச் சேமித்து வையுங்கள். பெரிய கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சின்னக் கடைகளை மட்டும் அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் இந்த முனையில் காபி, அந்த முனையில் இனிப்பு என்று அலைந்தால் நேரம் முழுக்கச் சாலையிலேயே போய்விடும். நெட் இல்லாத இடத்திலும் திறக்க, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரு நாள் எப்படிப் போகும்?

எங்களுடைய வழக்கத்தைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு அந்தப் பகுதியின் சந்தைக்குப் போய்விடுவோம். ஒரு காபி, கையில் வைத்துத் தின்னும்படி ஏதாவது ஒன்று, இருவருக்கும் சேர்த்து. சந்தையைச் சுற்றினால் அந்தப் பருவத்தில் என்ன காய், என்ன மீன் வருகிறது என்று தெரிந்துவிடும். மதியம் மெனுவில் அதே பெயரைப் பார்த்தால் யோசிக்காமல் சொல்லலாம். பத்து மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. ஒரு மணிக்குப் பெரிய சாப்பாடு. அப்புறம் மூன்று மணி வரை நடை, ஒரு மணி நேரம் அறையில் தூக்கம். மாலையில் பசித்தால் மட்டும் ஒரு கொறிப்பு. இரவு எட்டு மணிக்கு அரை வயிற்றுச் சாப்பாடு, சூப்போ நூடுல்ஸோ ஏதாவது ஒன்று.

ஒரு மாலையை எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். தெருவில் நடக்கும்போது ஒரு கடை கண்ணில் படும். வாசலில் நின்று உள்ளே பாருங்கள். மெனு ஒரே பக்கமா? சாப்பிடுகிறவர்கள் அந்தப் பகுதி ஆட்கள் மாதிரி தெரிகிறார்களா? பல மேசைகளில் ஒரே பண்டம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தயங்காமல் உள்ளே போங்கள்.

படி 6: மேசையில்

“எது நல்லா இருக்கும்?” என்று கேட்டால் “எல்லாமே நல்லா இருக்கும்” என்றுதான் பதில் வரும். “இன்றைக்கு அதிகமாகப் போவது எது?” என்று கேளுங்கள். அல்லது, “எங்களுக்கு இரண்டு பண்டம்தான் முடியும், நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பரிமாறுகிறவர் முகம் மலர்ந்து யோசிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லாதீர்கள். இரண்டு தட்டு, அதை முடித்துவிட்டு இன்னும் பசி இருந்தால் மூன்றாவது. மென்மையானது முதலில், காரமும் புளிப்பும் பின்னால். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. பாலோ தயிரோதான் அதைத் தணிக்கும். அப்புறம், சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கு வழியாக வருவது, அதனால் அன்று வாசனைத் திரவியம் பூசாமல் போங்கள்.

எத்தனை பேர் போவது? நான்கு பேர் என்றால் தட்டுகளைப் பகிர்ந்து நிறைய சுவைக்கலாம், ஆனால் சின்னக் கடைகளில் இடம் கிடைக்காது. முதல் முறைக்கு இரண்டு பேர் போதும்.

படி 7: உடம்பு

சூடான பண்டம் ஆவி பறக்க வர வேண்டும். சமைத்த உணவில் கிருமிகள் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில், அதனால் வெதுவெதுப்பாக வெகுநேரம் வைத்திருப்பதைத் தொடாதீர்கள். ஏதாவது ஒவ்வாமை இருந்தால் அந்த ஊர் மொழியில் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போய்ச் சமையலறைக்குக் காட்டச் சொல்லுங்கள். பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காய்ச்சலோ ரத்தமோ கண்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படி 8: அன்றிரவே எழுதுங்கள்

படம் எடுத்தால் பண்டத்தின் நிறம்தான் நினைவில் நிற்கும். தூங்கும் முன் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன சாப்பிட்டோம், எந்த ஒரு வாய் மனதில் நிற்கிறது, வீட்டில் செய்து பார்க்க என்ன இருக்கிறது. அக்காவின் நோட்டில் ஒரு பக்கத்தில் “வெங்காயத்தை இன்னும் பத்து நிமிடம் வதக்கணும்” என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியிலிருந்து அவள் வீட்டுக் குழம்பே மாறிவிட்டது.

கடைசி நாள் மதியத்தோடு பெரிய சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். பையில் மூடி இறுக்கமான காலி டப்பா ஒன்று இருக்கட்டும். கிளம்பும் வழியில் முதல் நாள் காலையில் போன கடைக்கே மறுபடி போய், ரயிலில் தின்ன அதில் வாங்கிக்கொள்ளுங்கள்.