சின்ன பட்ஜெட் கிரைம் படம்: அவனவன் சொல்வதை டச் பார்ப்பது எப்படி

வெள்ளிக்கிழமை ஒரே நாளில் நாலு படம் வருகிறது. அதில் பெரிய நடிகர் இல்லாத கிரைம் ஆக்‌ஷன் படத்துக்குச் சேலத்தில் கிடைப்பது ஒரு காலைக் காட்சி, கொஞ்சம் நல்ல நேரம் இருந்தால் கூடவே ஒரு செகண்ட் ஷோ. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அந்தப் போஸ்டர் மேலேயே வேறு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். ஆக நமக்கு இருப்பது மூன்று நாள். டிரெய்லரை நம்ப முடியாது, நடிகரை நம்பிப் போகலாம் என்றால் அவர் யாரென்றே தெரியாது, மிச்சம் இருப்பது ஏற்கெனவே பார்த்தவன் வாய் மட்டும்தான். அந்த வாயிலிருந்து வருவதோ மூன்றே சொல்: செம, மொக்கை, ஒரு தடவை பார்க்கலாம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு டிக்கெட் காசு வீணாகுமா ஆகாதா என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால் அதே ஆளிடமிருந்து உருப்படியாக ஏதாவது வரும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும். கொலுசு பளபளவென்று இருக்கிறது என்பதற்காக அங்கே யாரும் விலை பேசுவதில்லை, எத்தனை டச் என்றுதான் முதலில் கேட்பார்கள், அதாவது நூறு பங்கில் சுத்த வெள்ளி எத்தனை பங்கு என்று. படம் பார்த்தவன் பேச்சிலும் பாலிஷ் தனி, வெள்ளி தனி.

முதலில் கேட்க வேண்டியது படத்தைப் பற்றியே இல்லை. எந்த ஷோ போனாய், யாரோடு போனாய், எதற்காகப் போனாய். வெள்ளிக்கிழமை முதல் ஷோவில் கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் படத்தில் வேலை பார்த்தவர்களின் சொந்தக்காரர்களாகவோ கூட்டாளிகளாகவோ இருப்பார்கள், அதில் தப்பில்லை, நம் வீட்டுப் பையன் நடித்தால் நாமும் விசிலடிப்போம், ஆனால் அந்த விசிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரிய படத்துக்கு வந்து டிக்கெட் கிடைக்காமல் பக்கத்துத் திரைக்குள் நுழைந்தவன் கடுப்போடுதான் உட்கார்ந்திருப்பான். அவனே இடைவேளையில் எழுந்து போகாமல் முழுசாகப் பார்த்தான் என்றால் அது பத்துப் பேர் செம என்று சொன்னதற்குச் சமம். சனிக்கிழமை செகண்ட் ஷோவுக்கு வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: 'தூக்கம் வந்துச்சா?' அவ்வளவுதான். அதற்கு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் போனில் பார்த்தவன் 'ரொம்ப இழுவை' என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் நாலு தடவை நிறுத்தி, இரண்டு போன் பேசி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எந்தப் படமும் இழுவைதான். டிவியில் பார்த்தவன் 'ஒண்ணும் புரியல' என்றால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. A சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்கித்தான் போட வேண்டும். கிரைம் படத்தில் வெட்டுப்படுவது பெரும்பாலும் கொலை நடக்கிற காட்சி, கதையின் முடிச்சும் அங்கேதான் இருக்கும். சான்றிதழைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்: இப்போது UA என்று மட்டும் போடுவதில்லை, 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போய்விட்டு 'ஒரே ரத்தம், உட்காரவே முடியல' என்று திட்டுகிறவர்களிடம் எந்த எண் போட்டிருந்தது என்று கேளுங்கள். 16+ என்றால் குறை படத்தில் இல்லை.

'ஒரே இருட்டு' என்பது இந்த மாதிரிப் படங்களுக்கு வருகிற நிரந்தரப் புகார். கேட்க வேண்டியது: எந்தத் தியேட்டர்? டிஜிட்டல் சினிமாவில் திரையில் விழ வேண்டிய வெளிச்சத்துக்கு 14 ஃபுட்-லாம்பெர்ட் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ப்ரொஜெக்டர் விளக்கு பழசாகப் பழசாக அது மங்கிக்கொண்டே போகும், மாற்றச் செலவு அதிகம் என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பெரிய படத்தில் பாட்டும் பகலுமாக இருப்பதால் அது தெரியாது. சின்னப் படம் முக்கால்வாசி ராத்திரியில் நடக்கும், ஏனென்றால் ராத்திரியில் ரோடு காலி, கூட்டத்தை ஒதுக்க ஆள் வைக்க வேண்டாம், பின்னால் இருக்கிற கடைப் பலகைகளை மறைக்க வேண்டாம். மங்கின விளக்கும் ராத்திரிப் படமும் சேர்ந்தால் யார் யாரைக் குத்துகிறார்கள் என்றே தெரியாது. ஒரே படத்தை நான் ஊருக்குள் ஒரு தியேட்டரில் பார்த்துக் கண் எரிந்து வெளியே வந்தேன், மறுநாள் வேறொரு தியேட்டரில் அதே காட்சியில் வில்லன் முகத்தில் வியர்வை வழிவது வரைக்கும் தெரிந்தது.

அடுத்ததுதான் முக்கியம், இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதும் என்பேன். யார் என்ன குறை சொன்னாலும் அது காசுக் குறையா, கவனக் குறையா என்று பிரித்துவிடுங்கள். வில்லனுக்கு ஐந்து அடியாட்கள்தான், கார் வெடிக்கவில்லை, எல்லாக் கூட்டமும் ஒரே குடோனில்தான் நடக்கிறது, துப்பாக்கியிலிருந்து வருகிற நெருப்பு கம்ப்யூட்டரில் ஒட்டியது மாதிரி இருக்கிறது, இதெல்லாம் காசுக் குறை. போகும்போதே தெரிந்த விஷயம், மன்னிக்கலாம். ஆனால் ஹீரோ கையில் போன் இருக்கும்போது தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு 'வீட்டைப் பூட்டிக்கொள்' என்று சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறக்கிறான் என்றால், அதைச் சரிசெய்யப் பத்துப் பைசா செலவில்லை, எழுதும்போது யோசித்திருந்தால் போதும். சின்னப் படத்தைக் கொல்வது கவனக் குறைதான்.

போலீஸ் காட்சியில் இது பளிச்சென்று தெரிந்துவிடும். சப்-இன்ஸ்பெக்டர் தோளில் இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டர் தோளில் மூன்று. வாடகைக்கு உடுப்பு எடுக்கும்போது ஒரு நட்சத்திரம் கூடக் கேட்டால் யாரும் தனியாகப் பணம் கேட்கப் போவதில்லை. அதே மாதிரி 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்குப் பிரிவு 302 இல்லை, 103. ஸ்டேஷனில் பேச்சுவாக்கில் இன்னும் 302 என்று சொன்னால் பரவாயில்லை, வாய்ப் பழக்கம் ஒரே நாளில் போகாது. ஆனால் கதை இந்த வருடம் நடக்கிறது என்று சொல்லிவிட்டு எஃப்ஐஆர் தாளை குளோசப்பில் காட்டும்போது பழைய பிரிவு இருந்தால், அங்கே யாருமே கவனிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் நண்பர்களில் கோர்ட்டு கச்சேரி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், இந்த விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சண்டையைப் பற்றிக் கேட்கிறபோது 'ஃபைட் எப்படி?' என்று கேட்கவே கேட்காதீர்கள். 'எதை எடுத்து அடிச்சான்?' என்று கேளுங்கள். போன மாதம் அம்மாப்பேட்டையில் நாங்கள் வழக்கமாக நிற்கிற தட்டு வடை செட் (இரண்டு தட்டு வடைக்கு நடுவில் சட்னியும் துருவின காய்கறியும் வைத்துத் தருவது) கடையில் இது நடந்தது. பட்டறையில் வேலை பார்க்கிற கூட்டாளி ஒருவன் ஒரு புதுப் படம் பார்த்துவிட்டு வந்து செம செம என்று குதித்துக்கொண்டிருந்தான்.

'சரி மாப்ள, எதை எடுத்து அடிச்சான்?'

அவ்வளவுதான், கையிலிருந்த தட்டைக் கடைப் பலகை மேல் வைத்தான். 'இது மாடிப்படி, பாத்துக்க.' சட்னிக் கிண்ணம் வில்லன். மிச்சமிருந்த ஒரு தட்டு வடை ஹீரோ. 'மேல இருந்து ஒருத்தன் வரான், கீழ இருந்து ரெண்டு பேர், நடுவுல இவன். கையில ஒண்ணுமில்ல. கைப்பிடிக் கம்பி ஒண்ணு லூசா இருக்கும்டா, முன்னாடி ஒரு சீன்ல அந்தக் கிழவி அதைப் பிடிச்சுத் தடுமாறுவா, அதை உருவுறான் பாரு...' துருவின பீட்ரூட் எல்லாம் பலகையில் சிதறியது. பக்கத்தில் நின்ற தறிக்காரப் பெரியவர், அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார், 'மூணு பேர் சேந்து அடிச்சும் அவனுக்கு ஒரு கீறல் கூட இல்லையேப்பா' என்றார். கடைக்கார அக்கா, 'அண்ணா, அடிதடியை அந்தப் பக்கம் போய்ப் பண்ணுங்க, பலகையைத் துடைக்கிறது நான்தான்' என்றார்.

அங்கேயே முடிவு செய்தேன், இந்தப் படத்துக்குப் போகலாம். ஏனென்று சொல்கிறேன். படிக்கட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தவன் மனதில் பதிந்திருக்கிறது, அடிக்கிற ஆயுதம் முன்னாடியே ஒரு காட்சியில் வந்திருக்கிறது. வேகவேகமாக வெட்டிவெட்டிக் காட்டுகிற சண்டையை இப்படித் தட்டு வடை வைத்து விளக்க முடியாது. ஒத்திகைக்கு நாள் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் அப்படி வெட்டி மறைப்பார்கள், அடி படுகிற நேரத்தில் கேமராவை ஆட்டிவிட்டுச் சத்தத்தை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். பெரியவர் சொன்ன கீறல் விஷயமும் நியாயம்தான். அது கவனக் குறை, அதையும் குறித்துக்கொண்டேன்.

பெரியவர்கள் கருத்தை எடுத்துக்கொள்வதில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் போகும்போது அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் ஆரம்பித்து, மலையடிவாரத்தில் நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம் அது. அறுபதுகளில் அங்கே ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாகக் கட்டுப்பாடான செலவில் எடுத்துத் தள்ளினார்கள், தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயரே அவருக்கு அந்த மாதிரிப் படங்களால் வந்ததுதான். அதையெல்லாம் அன்றைக்கே டிக்கெட் எடுத்துப் பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு இன்றைக்கு வருகிற எந்தக் கிரைம் படமும் அதற்குக் கீழேதான். ரகசிய அறை, கடைசி ரீலில் முகமூடி கழற்றும் தலைவன், நடுவில் ஒரு கிளப் பாட்டு, இவை இல்லையென்றால் 'என்னப்பா படம் இது' என்பார்கள். ஆனால் அட்டைச் சுவர் ஆடினால் அவர்கள் கண்டுகொள்வதே இல்லை, அதை மன்னித்தே பழகியவர்கள். அதனால் நடிப்பு இயல்பாக இல்லை என்று ஒரு பெரியவர் சொன்னால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள், 'யார் கொலைகாரன்னு பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு' என்று சொன்னால் முழுசாக நம்புங்கள். அந்த விஷயத்தில் அவர்களை ஏமாற்றுவது கஷ்டம்.

எழுத்தில் வருகிற கருத்துகளுக்கு நான் வைத்திருக்கிற சல்லடை சின்னது. 'விறுவிறுப்பான திரைக்கதை', 'சீட் நுனியில் உட்கார வைக்கும்' என்று இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் தாண்டிவிடுவேன். கேமராமேன், எடிட்டர், இசையமைப்பாளர் என்று எல்லார் பெயரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு பாராட்டு இருந்தால் அது பார்த்தவன் எழுதியதில்லை, படம் முடிந்து வெளியே வருகிறவனுக்கு எடிட்டர் பெயர் ஞாபகம் இருக்காது. 'இயக்குநர் எங்கிட்ட கிடைச்சா' என்று ஆரம்பிக்கிற கோபத்தையும் விட்டுவிடலாம். நடுவாந்தரமாகப் புலம்புகிறவன்தான் நமக்கு வேண்டியவன், 'முதல் பாதி ஓகே, அந்த மெக்கானிக் பாத்திரத்தை எதுக்கு வச்சாங்கன்னே தெரியல, ஆனா கடைசி இருபது நிமிஷம் போன் எடுக்கல' என்று ஒருவன் எழுதியிருந்தால் டச் அதிகம்.

கதையைக் கேட்டுக் கெடுத்துக்கொள்ளாமல் விசாரிப்பதும் ஒரு வேலை. 'கிளைமாக்ஸ் எப்படி?' என்று கேட்டால் பாதிப் பேர் கொலைகாரன் பெயரையே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில், வெளியே வரும்போது ஜனங்கள் பேசிக்கொண்டே வந்தார்களா, சும்மா வந்தார்களா என்று கேளுங்கள். வண்டி ஸ்டாண்டில் டோக்கனைத் தேடிக்கொண்டே 'அப்ப அந்த டிரைவருக்கு எல்லாம் தெரியுமா?' என்று யாராவது வாதாடிக்கொண்டிருந்தால் அந்தப் படத்தில் விஷயம் இருக்கிறது.

நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போதும் இதே கணக்குத்தான். ஒரு நல்ல காட்சி, ஒரு குறை, எந்தத் தியேட்டர், எந்த ஷோ, அவ்வளவு போதும், சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், செவ்வாய்க்கிழமை சொல்லி யாருக்கும் பிரயோஜனமில்லை. திரையைப் போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். 2023-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம். சின்னப் படத்துக்கு அந்தப் பதினைந்து விநாடியில் முடிச்சே அவிழ்ந்துபோகும்.

அந்தத் தட்டு வடைப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை செகண்ட் ஷோ போனோம், முப்பது பேர் இருந்திருப்போம். படிக்கட்டுச் சண்டை அவன் சொன்னபடியே இருந்தது. அதற்கப்புறம் ஏற்காடு மலைப்பாதையில் ஒரு துரத்தல். கார் அடிவாரத்திலிருந்து மேலே ஏறுகிறது, ஓரத்துப் பலகையில் 9/20, அதாவது இருபதில் ஒன்பதாவது வளைவு என்று தெரிகிறது, அடுத்த ஷாட்டில் 4/20, அதற்கடுத்து 12/20. பின் வரிசையிலிருந்து ஒருவர், 'டேய், வண்டி கீழ இறங்குதா மேல ஏறுதா?' என்று கத்த, மொத்தத் தியேட்டரும் சிரித்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ஊரில் இது கவனக் குறை, தூத்துக்குடியில் பார்க்கிறவனுக்கு அது வெறும் பலகை. எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

வண்டியை எடுக்கும்போது கூட்டாளியிடம் கேட்டேன், 'எத்தனை டச்சுடா போடலாம்?' அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அறுபத்தஞ்சு. அந்தப் பலகையை மறைச்சிருந்தா எழுபது' என்றான்.