கிளையின் பெயர் வேறு, கோப்பு வேறு

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில், கிளைகளைக் (ஒரே நிரலின் தனித்தனி வளர்ச்சிப் பாதைகளைக்) கையாளும் ஸ்கிரிப்ட்களைப் புதியவர்கள் சரிபார்க்கக் கொடுக்கும்போதெல்லாம் என் பழைய பிழைகளே எதிரில் வந்து நிற்கின்றன. பெயரில் இடைவெளி, இரட்டைப் புள்ளி போன்றவற்றைக் கிட்டே தடுத்துவிடும். அது பேசாமல் அனுமதித்துவிட்டுப் பிறகு காலை வாரும் இடங்கள் வேறு.

கோப்பைத் திறந்து படிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். மெயின் கிளை எந்தக் கமிட்டில் (பதிவில்) நிற்கிறது என்று அறிய, வெளியீட்டு ஸ்கிரிப்ட்டில், கிட் அந்தத் தகவலை எழுதிவைக்கும் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின் கோப்பையே திறந்து படித்தேன். ஒரே வரி, கமிட்டின் அடையாளமான நாற்பது எழுத்து ஹாஷ். இதற்கு எதற்குத் தனிக் கட்டளை என்ற மெத்தனம். ஒரு நாள் அந்தக் கோப்பைக் காணவில்லை. கிட் தன் பராமரிப்பு வேலையில் அதையும் மற்றவற்றோடு திரட்டி, பேக்டு-ரெஃப்ஸ் என்ற ஒரே கோப்பில் எழுதியிருந்தது. அவசரமாக, 'முதலில் பேக்டு-ரெஃப்ஸைப் பார், அதில் இல்லையென்றால் தனிக்கோப்பு' என்று திருத்தினேன். விபரீதம் அங்கேதான். அடுத்த கமிட் வந்ததும் கிட் தனிக்கோப்பைத்தான் எழுதும்; திரட்டில் பழைய ஹாஷ் அப்படியே கிடக்கும். இரண்டும் இருந்தால் தனிக்கோப்பு சொல்வதே செல்லும். என் ஸ்கிரிப்ட்டோ ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் இரண்டு வாரம் பழைய பதிப்பையே வெளியிட்டுக்கொண்டிருந்தது.

வரிசையை மாற்றினாலும் தப்ப முடியாது. 2024இல் வந்த 2.45 பதிப்பிலிருந்து ரெஃப்டேபிள் என்ற சேமிப்பு முறையும் உண்டு. அங்கே பெயர்கள் பைனரி அட்டவணையில் இருக்கின்றன. இப்போது எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று வழக்கமாகச் சொல்லும் ஹெட் கோப்பைத் திறந்தால் '.இன்வேலிட்' என்று முடியும் போலிப் பெயர்தான் கிடைக்கும். ரெவ்-பார்ஸ், சிம்பாலிக்-ரெஃப், ஃபார்-ஈச்-ரெஃப் கட்டளைகளிடம் கேளுங்கள். எங்கே சேமித்திருக்கிறது என்பது அவற்றின் கவலை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

முதலெழுத்து மட்டும் பெரிதும் சிறிதுமாக மாறும் இரண்டு 'ஃபிக்ஸ்' கிளைகள் லினக்ஸில் தனித்தனி. விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமாக இரண்டுக்கும் ஒரே கோப்பு. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். ரெஃப்டேபிள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கும் என்பதால், ஒருவர் கணினியில் நடக்கும் சோதனை அடுத்தவர் கணினியில் நடக்காது. எல்லாம் சிறிய எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் வைத்தால்

'கொ' எழுத்தின் கொம்பும் காலும் ஒரே யூனிகோடு குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கிட்டுக்கு இரண்டு கிளைகள். 'அப்படி ஒரு கிளை இல்லை' என்ற செய்தியை ஒரு மாலை முழுக்க முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

'ஃபிக்ஸ்' இருக்கும்போதே 'ஃபிக்ஸ்/லாகின்'

முடியாது. ஒரே பெயர் கோப்பாகவும் கோப்புறையாகவும் இருக்க இயலாதே. தனித்தனிக் கோப்புகளாக வைக்காத ரெஃப்டேபிளிலும் முடியாது.