கணவாய்க் காற்றில் இரும்புச் சட்டக வீடு: இரும்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் எனப் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர், இரும்புத் தூணும் உத்திரமும் நிறுத்தி வீடு கட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டலாம். ஆனால் கான்கிரீட் வீடு தன் எடையாலேயே நிலத்தில் அமர்ந்துவிடும். இரும்புச் சட்டகமும் தகட்டுக் கூரையும் கொண்ட வீடு இலேசானது. அதைக் காற்று தூக்காமல் பிடித்து வைப்பதே இங்கே முதல் கவலையாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் படி, காற்றைக் கணக்கில் எடுப்பது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, நமக்கு அருகிலுள்ள கோயம்புத்தூருக்கு அடிப்படைக் காற்று வேகத்தை நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 140 கி.மீ. என்று வகுத்துள்ளது. அந்த வேகத்தில் வரும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 90 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைக் கொடுக்கும். அரை மில்லிமீட்டர் கூரைத் தகடோ சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்ன ஊரில், கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் பட்டறைக்காரரின் அனுபவத்தை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். கூரையை மேலே தூக்கும் விசைக்குக் கணக்குப் போட்டீர்களா, சட்டகம் சாயாமல் பிடிக்கும் குறுக்குத் தாங்கிகள் எந்தெந்தச் சுவர்களில் வருகின்றன என்ற இரண்டையும் பொறியாளரிடம் கேட்டு, விடையை வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்த வகை இரும்பு என்பதை முடிவு செய்யுங்கள். ஐ-பீம் (I வடிவம்), சேனல் (C வடிவம்), ஆங்கிள் (L வடிவம்) ஆகியவை சூட்டில் உருட்டப்பட்டவை, இவற்றுக்கு ஐ.எஸ். 2062 தரம் பொருந்தும். சதுர, செவ்வகக் குழாய்களை நாம் பாக்ஸ் பைப் என்கிறோம். கட்டமைப்புக்கு உரியவை ஐ.எஸ். 4923 முத்திரையோடு வரும். மூன்றாவது வகை, துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டை மடித்து, திருகாணிகளால் இணைக்கும் இலகு சட்டகம். அது நேர்த்தியானதுதான், ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு சன்னலை அகற்றவோ அறையைக் கூட்டவோ நினைத்தால், அந்த வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் கிடைக்க வேண்டும். நம் ஊர்களில் நல்ல வெல்டர்கள் இருப்பதால், முதல் முறையாகக் கட்டுபவருக்குத் தூணுக்கு பாக்ஸ் பைப்பும் உத்திரத்துக்கு ஐ-பீமும் போதும் என்பது என் கருத்து.

மூன்றாவது படி, குழாயின் கனத்தைச் சரிபார்ப்பது. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு 2 மி.மீ. என்று சொல்லி விற்கப்பட்ட குழாய்களை, கூரை ஏறிய பிறகே அளந்து பார்த்தேன், 1.6 மி.மீ. தான் இருந்தது. 50-க்கு 50 மி.மீ. குழாயில் ஆறு மீட்டர் நீளம், 2 மி.மீ. கனத்தில் சுமார் 18 கிலோ இருக்கும், 1.6 மி.மீ. என்றால் பதினைந்து கிலோகூடத் தேறாது. எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் அந்த மூன்று கிலோவுக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். எனவே கனத்தை அளக்கும் வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டு போங்கள். குழாயின் வெட்டுமுனையில் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, உள்ளே நீளவாக்கில் ஓடும் பற்றவைப்புத் தழும்பைத் தவிர்த்து, மற்ற மூன்று பக்கங்களிலும் அளவெடுங்கள். பிறகு முழுச் சுமையையும் எடைமேடையில் ஏற்றி, சீட்டிலுள்ள எடையை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். தூணுக்கான 100-க்கு 100, 4 மி.மீ. குழாய் ஆறு மீட்டருக்குச் சுமார் 70 கிலோ வர வேண்டும்.

துருவைத் தடுக்க, பிரைமர் அடிக்கும் முன் இரும்பின் மேலுள்ள கருநீலச் செதிலை முழுவதும் நீக்க வேண்டும். அதன்மேல் அடித்த வண்ணம் செதிலோடு சேர்ந்து உரிந்துவிடும். குழாய்களின் திறந்த முனைகளைத் தகடு வைத்து முழுச் சுற்றும் பற்றவையுங்கள், ஏனெனில் உள்ளே தேங்கும் ஈரம் வெளியில் தெரியாமலே அரிக்கும். துத்தநாகம் பூசிய குழாயை வாங்கினாலும், பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும் என்பதால் அங்கே துத்தநாக வண்ணம் பூச வேண்டும். சமையலறை ஓரத்துத் தூணைச் செங்கல்லால் மூடிப் பூசுவது நல்லது. சுமார் 550 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும்.

கடைசியாக அடித்தளம். நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் வெடிப்பதால், அடித்தளத்தின் ஆழத்தைப் பொறியாளர் மண்ணைப் பார்த்தே குறிக்க வேண்டும். தூணை அடித்தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளைக் கான்கிரீட் ஊற்றும் முன்பே, தூணின் அடித் தகடான பேஸ் பிளேட்டின் துளைகளுக்கு ஏற்ற மாதிரிப் பலகையில் பொருத்தி, கம்பிக்கூட்டோடு கட்டி நிறுத்துங்கள். ஊற்றிய பிறகு துளையிட்டுச் செருகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூணை நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்தபின், ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டாவது நட்டை முடுக்கி, பேஸ் பிளேட்டின் அடியிலுள்ள இடைவெளியைச் சுருங்காத கிரவுட் என்னும் சிமெண்டுக் கலவையால் நிரப்பிய பிறகே கூரைத் தகடு மேலே ஏற வேண்டும்.