வார மழை முன்னறிவிப்பு: படிக்கும்போது செய்யும் தவறுகள்

ஐப்பசி பாதி தாண்டிவிட்டால் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடும்: “சனிக்கிழமை மழை இருக்கா?” யாராவது போனைப் பார்த்து “80 சதவீதம்” என்பார்கள். அதை நம்பி மொட்டைமாடி விசேஷமே தள்ளிப்போகும்.

ஐந்து நாள் கழித்துப் பெய்யப்போகும் மழைக்குக் காரணமான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வங்கக்கடலில் இன்னும் உருவாகாமலேகூட இருக்கலாம். அது எங்கே உருவாகும், எவ்வளவு வேகத்தில் நகரும் என்பது நாளுக்கு நாள் மாறும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலாக வலுப்பெறாது என்று ஒருநாள் சொல்லப்பட்டது; மறுநாளே புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. கணிப்பு மாறுவதைப் பொய் என்று ஒதுக்காதீர்கள். திங்களன்று படித்ததைப் புதனன்று மறுபடி படியுங்கள், வெள்ளியன்று கட்டாயம் படியுங்கள்.

அடுத்தது, நாம் கவனிக்காமல் தாண்டிப்போகும் சொற்கள். “ஓரிரு இடங்களில் கனமழை” என்றால் மாவட்டம் முழுக்க மழை என்று அர்த்தமில்லை. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்பங்கில் பெய்யலாம் என்பதே பொருள். தாம்பரத்தில் கொட்டி அண்ணா நகரில் வெயில் அடித்தாலும் அந்தக் கணிப்பு சரிதான்.

“கனமழை” என்பதற்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை கனமழை, 20 செ.மீ.யைத் தொடும்வரை மிக கனமழை, அதற்கும் மேலே அதி கனமழை. பத்து செ.மீ.தானே என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல், ஒரு தண்ணீர் லாரி அளவு. அத்தனையும் ஒன்றிரண்டு குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஒருமுறை எங்கள் மாடிக் குழாயின் வாயில் வேப்பஞ்சருகு மெத்தை போல ஒட்டிக்கிடந்தது. நாங்கள் கவனித்தபோது கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று, படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

பெயர் வைத்த புயல் வந்தால்தான் ஆபத்து என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அப்போது புயல் எதுவும் இல்லை, வெறும் வளிமண்டல சுழற்சிதான். அறிக்கையில் ‘சுழற்சி’ என்று மட்டும் இருந்தாலும், எச்சரிக்கையின் நிறம் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியிலும் குழப்பம் வரும். 18ஆம் தேதி மழையளவு என்று வெளியாவது 17 காலை எட்டரை முதல் 18 காலை எட்டரை வரை பெய்தது. ராத்திரி முழுக்கப் பெய்த மழை அதில்தான் வரும்.

அப்புறம், தேதி இல்லாத வரைபடம் ஃபார்வர்டாக வந்தால் மேலே அனுப்பாதீர்கள். போன வருஷத்து எச்சரிக்கை ஒவ்வொரு நவம்பரிலும் புதிதுபோல வருகிறது. படத்தின் மூலையில் நாளும் நேரமும் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும்.