ஏசெக்ஷுவல் பாத்திரத்தை இயல்பாக எழுதுவது எப்படி?

பாலீர்ப்பை உணராதவர், அல்லது மிக அரிதாகவே உணர்பவர் ஏசெக்ஷுவல். பிரம்மச்சரியம் அப்படியல்ல, அது ஒருவர் எடுக்கும் முடிவு. இதைக் குழப்பிக்கொண்டால் பாத்திரம் முதல் பக்கத்திலேயே சாமியாராகிவிடும்.

படி 1: குறிப்பேட்டில் மூன்று விடைகள்

பாலீர்ப்பு அறவே இல்லையா, நெருக்கம் வளர்ந்த பிறகு மட்டும் வருமா (டெமிசெக்ஷுவல்)? காதல் வருமா? வராதவர் ஏரோமான்டிக். உடலுறவு என்றால் அருவருப்பா, அக்கறையின்மையா, துணைக்காகச் சம்மதமா? ஒரு விடையை வைத்து மற்றொன்றை முடிவு செய்யாதீர்கள். காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் ஏசெக்ஷுவல்கள் உண்டு.

படி 2: ஆசையைக் கொடுங்கள்

‘இவளுக்கு அது வேண்டாம்’ என்பதை மட்டும் வைத்து எழுதினால் இயந்திரம்தான் கிடைக்கும். பதவி வெறி, தோழிமேல் பொறாமை, பழைய பகை என ஏதாவது ஒன்றை அவள் துரத்த வேண்டும்.

படி 3: சொற்பொழிவு வேண்டாம்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பாத்திரம் எழுந்து நின்று விளக்கம் சொல்லும், எதிரில் இருப்பவர் வாகாகக் கேள்வி கேட்பார். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

“கடைசி சீன்ல அவன் எப்படி இருந்தான் பார்த்தியா?”

“பார்த்தேன். அவ்வளவு மழையிலயும் ஒட்டுமீசை அசையலடி. என்ன பசையோ!”

அவள் பார்த்தது வேறு, அவ்வளவுதான். சிறுகதைக்கு இப்படி இரண்டு இடம் போதும். மூன்றாவது வந்தால் வாசகர் உங்கள் கையைப் பார்த்துவிடுவார். வெளிப்படையாகச் சொல்லும் கட்டம் இருந்தால், கேட்பவர் கொஞ்சம் தப்பாகவே புரிந்துகொள்ளட்டும். பேச்சு அப்போதுதான் பேச்சாக இருக்கும்.

படி 4: காலத்தைச் சரிபாருங்கள்

ஏசெக்ஷுவல்களுக்கான ‘ஏவென்’ (AVEN) இணையதளத்தை டேவிட் ஜே என்பவர் தொடங்கியது 2001-இல். கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா நிறங்கள் கொண்ட ஏசெக்ஷுவல் கொடி வந்தது 2010-இல். கதை 1980-களில் நடந்தால் அவளிடம் இந்த அடையாளச் சொல் இருக்க வாய்ப்பு குறைவு. ‘மற்றவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் போல’ என்றுதான் நினைத்திருப்பாள். எழுத அதுவே சுவையான இடம்.

படி 5: காரணம் தேடாதீர்கள்

சிறுவயதுக் கொடுமை, ஹார்மோன் கோளாறு என்று பின்கதை கட்டினால் அது நோய்க்கதையாகிவிடும். மனநலக் கோளாறுகளைக் கணிக்க அமெரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே, ஒருவரின் ஆர்வமின்மைக்கு அவர் ஏசெக்ஷுவல் என்பதே விளக்கமானால் அதைக் கோளாறாகக் கணிக்கக் கூடாது என்கிறது. ‘சரியான ஆள்’ வந்ததும் எல்லாம் மாறுகிற முடிவும் இதே தவறுதான். துணை இருந்தால், இருவரும் எதற்குச் சம்மதிக்கிறார்கள், எதில் முட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள்.

வரைவை ஏசெக்ஷுவல் வாசகர் இருவரிடமாவது கொடுங்கள். “சரியா இருக்கா?” என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். “எந்த வரி பொய்யாப் பட்டுது?” என்று கேளுங்கள்.